குன்னூர் காட்டலான் வகுப்பு: ‘ஐ’ போட்டுப் பழகியவர்களுக்கு

குன்னூர் பெட்போர்டு பக்கம் சனிக்கிழமை நடக்கும் காட்டலான் (பார்சலோனா பக்கத்து மொழி) வகுப்பில் சேரலாமா? ஸ்பானிஷ் கொஞ்சம் படித்தவர் என்றால் தாராளமாகச் சேரலாம். செயப்படுபொருள் பாடம் ஒன்றுக்கே கொடுத்த காசு தகும்.

தமிழில் “மரியாவைப் பார்த்தேன்” என்பதில் ‘ஐ’யை விட முடியாது; “டீ குடித்தேன்” என்பதில் அது தேவையில்லை. ஸ்பானிஷும் கிட்டத்தட்ட நம்ம கட்சிதான், குறிப்பிட்ட ஆள் என்றால் முன்னால் ‘அ’ போடும். அந்தக் கைப்பழக்கத்தில் காட்டலானிலும் “எ விஸ்த் அ மரியா” என்று எழுதிவிடுவார்கள். அதில் இரண்டு பிழை. சரியானது “எ விஸ்த் லா மரியா”: ‘அ’ கிடையாது, பெயருக்கு முன் ‘லா’ (ஆங்கில ‘the’ போன்றது; ஆண்பாலுக்கு ‘எல்’) உண்டு. மலை ரயிலைப் பார்த்தாலும் அதே அச்சுதான், “எ விஸ்த் எல் த்ரென்”. ஆசிரியர் மூன்று மொழியையும் பலகையில் அடுத்தடுத்து எழுதி உருபை மட்டும் சிவப்பில் போடுகிறார். காட்டலான் வரியில் சிவப்பே விழாது. பத்து நிமிட விளக்கத்தைவிட அது மேல்.

பயிற்சித்தாள்தான் சொதப்பல். “‘அ’ எங்கும் வராது” என்று முதல் பக்கத்திலேயே அடித்துச் சொல்கிறது. வரும். “என்னைத்தான் பார்த்தார்” என்று அழுத்தும்போது “மா விஸ்த் அ மீ”. வினைக்கு முன்னால் ‘ம்’, பின்னால் ‘அ மீ’, இரண்டும் வேண்டும். ‘யாரை?’ என்று கேட்க ‘அ கி’ உண்டு. ‘யாரையும்’ என்னும் ‘நிங்கு’வுக்கு முன் ‘அ’ போட்டாலும் சரி, விட்டாலும் சரி. நவீன காட்டலானுக்கு விதி வகுத்த ஃபப்ராவின் 1918 இலக்கணம் ஒருபக்கம் இருக்கட்டும், காட்டலான் ஆய்வு நிறுவனம் 2016-இல் வெளியிட்ட இலக்கணத்தையாவது பார்த்துத் தாளைத் திருத்தலாம். பேச்சு வழக்கில் ‘அ’ இன்னும் தாராளமாகவே புழங்குகிறது. ஒலிப்பதிவில் அது காதில் விழும்போது மாணவர்கள் குழம்புவதில் ஆச்சரியமில்லை.

‘அன்’ பயிற்சி அருமை. “வர்க்கி இருக்கா?” “மூணு இருக்கு.” தமிழில் அவ்வளவுதான். காட்டலானில் “திங்க் த்ரெஸ்” என்று நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். “அன் திங்க் த்ரெஸ்” என்று வர்க்கிக்குப் பதிலாக ஒரு ‘அன்’ வைத்தாக வேண்டும். இதற்கு மட்டும் இருபது வாக்கியம் தருகிறார்கள், போதாது.

இன்னொன்று: “அது எனக்குத் தெரியும்” என்பதைத் தாளில் “ஹோ சே” என்று அச்சிட்டிருக்கிறார்கள். எழுத்தில் ‘ஹ’ இருந்தாலும் வாயில் வராது. பார்சலோனாக்காரர் “உ சே” என்பார். பேனாவால் அடித்து மாற்றிக்கொள்ளுங்கள்.