பேட்மேன் கேம் அக்கவுண்ட் வாங்கி 2,400 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

நேத்து ராத்திரி பதினொன்றரை மணிக்கு எனக்கு கேம் அக்கவுண்ட் வித்த ஆள் என்னை அவனோட மெசேஜ் குழுவுல இருந்து தூக்கிட்டான். கோபத்துல தூக்கமே வரலை. இன்னிக்கே எழுதிடணும்னு உட்கார்ந்திருக்கேன், ஏன்னா அவன் இப்பவும் வித்துக்கிட்டுதான் இருக்கான். இதுல எப்படி ஏமாறாம இருக்கறதுன்னு கடைசியில விவரமா சொல்றேன்.

வாங்கினது மூணு பேட்மேன் கேம். ஆர்க்கம் அசைலம், ஆர்க்கம் சிட்டி, ஆர்க்கம் நைட். மூணும் சேர்த்து 2,400 ரூபாய்.

2009-ல அசைலம் வந்தப்ப நான் காலேஜ். ஹாஸ்டல்ல ஒருத்தன் ஹார்ட் டிஸ்க்ல திருட்டு காப்பி கொண்டுவந்தான். அதுல பேட்மேன் முதுகுல இருக்கற கேப்பை (அங்கியை) விரிச்சா மிதந்து போகவே மாட்டார், படபடன்னு அடிச்சுக்கிட்டு கீழே விழுவார். விஷவாயு நிரம்பின அறையைத் தாண்டவே முடியாது. திருட்டு காப்பி ஆடறவங்க மாட்டணும்னு கேமை உருவாக்கினவங்களே வச்ச பொறி அதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. சம்பாதிக்க ஆரம்பிச்சதும் காசு கொடுத்துத்தான் இதை ஆடணும்னு அன்னிக்கே நினைச்சேன். தங்கச்சி கல்யாணம், வீட்டுக் கடன்னு வருஷங்கள் ஓடிப்போச்சு. போன தீபாவளிக்குத்தான் டிவியில மாட்டி கேம் ஆடற ஒரு பழைய கன்சோல் வாங்கினேன்.

இந்த கேம் மேல ஏன் இவ்வளவு ஆசைன்னு ஆடினவங்களுக்குத் தெரியும். துப்பாக்கி வச்ச ஆளுங்க சுத்தற ஹால்ல, உச்சியில இருக்கற கார்கோயில்ங்கற பூத முகச் சிலை மேல சத்தமில்லாம உட்கார்ந்து, ஒருத்தனைத் தலைகீழாத் தூக்கித் தொங்கவிட்டா, மிச்சம் இருக்கறவங்க நடுங்க ஆரம்பிப்பாங்க. டிடெக்டிவ் மோடுன்னு பேட்மேனோட சிறப்புப் பார்வையைப் போட்டா அவங்க பயம் எவ்வளவு ஏறியிருக்குன்னே தெரியும். சண்டைன்னு வந்தா பத்துப் பேர் சூழ்ந்தாலும் அடிக்க வர்றவன் தலைக்கு மேல மின்னற அடையாளத்தைப் பார்த்துத் தடுத்து அடிக்கணும், தாளம் மாதிரி. அதுக்கு மேல பேட்மேனுக்குக் குரல் கொடுத்த கெவின் கான்ராய் குரல். மனுஷன் 2022-ல இறந்துட்டார். அந்தக் குரலையாவது நேர்மையாக் காசு கொடுத்துக் கேட்கணும்னு இருந்தேன்.

ஒரு மெசேஜ் ஆப்ல குழு வச்சு டிஜிட்டல் கேம் விக்கற ஆள் இவன். ஐடியும் பாஸ்வேர்டும் கொடுப்பான். நம்ம கன்சோலை அந்த அக்கவுண்ட்டுக்கு பிரைமரி (அந்த அக்கவுண்ட் கேமை மத்த ப்ரொஃபைல்லயும் ஆட விடற முதன்மைக் கன்சோல்) ஆக்கிட்டு, கேமை இறக்கி, நம்ம சொந்த ப்ரொஃபைல்ல ஆடலாம். "லைஃப்டைம் வாரண்டி அண்ணா"ன்னான்.

எனக்கு சந்தேகம் இருந்தது. நம்பறதுக்கு என்ன ஆதாரம்னு கேட்டேன். அதுக்கு அவன் பதிலே சொல்லலை. "அண்ணா, ஆர்க்கம் சிட்டியில மிஸ்டர் ஃப்ரீஸ் ஃபைட் ஆடியிருக்கீங்களா?"ன்னு கேட்டான். ஃப்ரீஸ் அதுல வர்ற வில்லன். ஒரு தடவை அடிச்ச விதத்துல மறுபடி அடிக்க முடியாது, ஃப்ரீஸ் கத்துக்கிட்டு அதை அடைச்சிடுவான், ஒவ்வொரு அடிக்கும் புது வழி தேடணும். அதைப் பத்தியே இருபது நிமிஷம் போன்ல பேசினோம். எனக்குத் தெரியாத ஒரு வழிகூட சொன்னான். இந்த கேமை இவ்வளவு நேசிக்கிற பையன் ஏமாத்துவானா? அதோட, "முதல்ல இறக்கி ஆடிப் பாருங்க அண்ணா, திருப்தின்னா காசு அனுப்புங்க"ன்னான். ரெண்டு நாள் கழிச்சு, கேம் ஓடறதைப் பார்த்துட்டு, நானாத்தான் யுபிஐல 2,400 அனுப்பினேன். "ரொம்ப நன்றி தம்பி"ன்னு வேற எழுதினேன். அதை நினைச்சாத்தான் இப்ப வயிறு எரியுது.

பத்தொன்பது நாள் ஓடிச்சு. ஆர்க்கம் நைட் கேம்ல ரிட்லர்ங்கற வில்லன் வைக்கிற புதிர்கள் மொத்தம் 243, அத்தனையும் முடிச்சாத்தான் முழு முடிவு கிடைக்கும். நான் 171 முடிச்சிருந்தேன். போன ஞாயித்துக்கிழமை காலையில திறந்தா மூணு கேம் மேலயும் பூட்டுப் படம். நான் ஆடின வரைக்கும் பதிவான சேவ் என் ப்ரொஃபைல்ல பத்திரமா இருக்கு, கேம்தான் திறக்கலை.

"சர்வர் பிரச்னை அண்ணா, ரெண்டு மணி நேரத்துல சரியாயிடும்." சாயங்காலம் கேட்டா, "நீங்க ஏதோ செட்டிங் மாத்தியிருக்கீங்க." நான் எதையும் தொடலை. திங்கட்கிழமை, "டெக்னிக்கல் பையன் லீவு." செவ்வாய்க்கிழமை வேற ஒரு நம்பர் கொடுத்தான், அதுல யாரோ, "உங்க ஆர்டர் எங்க லிஸ்ட்லயே இல்லையே சார்." அண்ணா போய் சார் ஆயிட்டேன். நேத்து, "ரீ-ஆக்டிவேஷனுக்கு 600 ஆகும்"னான். 2,400 வாங்கிட்டு இன்னும் 600! முடியாதுன்னு குழுவுலயே எல்லார் முன்னாடியும் எழுதினேன். பத்து நிமிஷத்துல என்னைத் தூக்கிட்டு, நம்பரையும் பிளாக் பண்ணிட்டான்.

அதுக்குள்ள குழுவுல இருந்த ரெண்டு பேர் எனக்குத் தனியா மெசேஜ் போட்டாங்க. அவங்ககிட்ட இருந்ததும் அதே ஐடி. அப்பத்தான் விஷயம் புரிஞ்சது. ஒரு அக்கவுண்ட்டுக்கு ஒரு நேரத்துல ஒரே கன்சோல்தான் பிரைமரி. அடுத்தவனுக்கு விக்கும்போது முன்னாடி வாங்கினவனோடது பூட்டிக்கும். முதல்ல ஆடிப் பாருங்கன்னு அவ்வளவு தாராளமா சொன்னதுக்குக் காரணம் இதுதான், எப்ப வேணா பூட்டலாம்னு அவனுக்குத் தெரியும். கன்சோல் உதவி மையத்துல பேசினேன். எந்த மெயில்ல பதிவாகியிருக்கோ அவங்கதான் உரிமையாளர், அக்கவுண்ட் விக்கறதும் வாங்கறதும் விதிப்படி கூடாதுன்னுட்டாங்க. பேங்க்ல, "நீங்களே பின் போட்டு அனுப்பினது சார், திருப்ப முடியாது"ன்னாங்க. ஆக 2,400 ரூபாய் போனது போனதுதான்.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்லை. அக்கவுண்ட்டா வித்தா வாங்காதீங்க, யார் வித்தாலும், எவ்வளவு நல்லாப் பேசினாலும். டிஸ்க் வாங்குங்க, கையில இருக்கற டிஸ்க்கை வித்தவன் வந்து பூட்ட முடியாது. இல்லைன்னா அதிகாரபூர்வ ஸ்டோர்ல தள்ளுபடி வர்றவரைக்கும் காத்திருங்க, இந்தப் பழைய கேம்களுக்கு அடிக்கடி வருது. ஏற்கெனவே ஏமாந்திருந்தா அவன்கூடப் பேசின மெசேஜ்களை அழிக்காதீங்க, ஸ்கிரீன்ஷாட்டும் யுபிஐ பரிவர்த்தனை எண்ணும் எடுத்து வச்சுக்கிட்டு உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்க. ரீ-ஆக்டிவேஷன்னு கேட்டா ஒரு ரூபாய் கொடுக்காதீங்க.

நான் இன்னிக்குப் புகார் கொடுக்கறேன். அந்த ரெண்டு பேரும் கொடுக்கறாங்க. ஆர்க்கம் மூணும் ஒரே ஐடியில 2,400-க்குன்னு வேற யாராவது வாங்கியிருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க.