குற்றால சீசன்ல சாப்பிடப் போறவங்க கவனத்துக்கு: கேக்காம இலையில விழுற காடைக்கும் பில் உண்டு

ஏழு பேர், அதுல ரெண்டு பேர் சின்னப் பிள்ளைக. ராத்திரி பரோட்டா சாப்பிட்டதுக்கு வந்த பில் 4,221 ரூபாய். குற்றாலத்துல குளிச்சிட்டு திருநெல்வேலி திரும்புற வழியில, தென்காசி ரோட்டோரத்துல நடந்தது. கடைப் பேரை எழுதப் போறதில்ல. எழுதியும் பிரயோஜனம் கிடையாது. இந்தக் கடைகள்ல பாதி, சாரல் விழுற மூணு மாசத்துக்கு இடத்தை வாடகைக்கு எடுத்து நடத்துறது. அடுத்த ஆனியில அதே இடத்துல வேற போர்டு தொங்கும். அதனால எப்படி ஏமாத்துறாங்கன்னு மட்டும் விவரமா எழுதுறேன்.

கோயம்புத்தூர்ல கட்டிக்குடுத்த என் நாத்தனார் குடும்பத்தோட ஆடி லீவுக்கு வந்திருந்தா. வேன் பிடிச்சு ஐந்தருவி, பழைய அருவின்னு சுத்திட்டு, பொழுது சாயுற நேரம் கிளம்பினோம். அருவித்தண்ணியில நின்னு எந்திரிச்சா எப்படிப் பசிக்கும்னு உங்களுக்கே தெரியும். டிரைவர், "எனக்குத் தெரிஞ்ச கடை ஒண்ணு இருக்கு அண்ணாச்சி, சுத்தமா இருக்கும்"னு கொண்டுபோய் நிறுத்தினார். நாங்க கை கழுவுறதுக்குள்ள அவர் பின்பக்கமா உள்ள போயிட்டார். எங்களுக்கு இலை போடுறதுக்கு முன்னாடியே அவருக்கு அங்க தட்டு வந்திருச்சு. ஆள் கொண்டுவந்து இறக்குற டிரைவருக்குச் சாப்பாடு சும்மா, அது போக கையிலயும் ஏதோ உண்டு. இது நம்ம ஊர்க்காரங்களுக்குப் புதுசில்ல. அந்தக் காசு எங்க இருந்து வருதுன்னா, நம்ம இலையில இருந்துதான்.

மெனு கார்டு இல்ல, சுவத்துல விலைப்பலகையும் இல்ல. சப்ளையர் தம்பி மூச்சு விடாம ஒப்பிச்சான். "நாட்டுக்கோழி பிரட்டல், பெப்பர் சிக்கன், காடை, சீலா மீன், ஈரல்..." ஒண்ணுக்கும் விலை சொல்லல. எங்க வீட்டுக்காரரும் கேக்கல. தங்கச்சி மாப்பிள்ளை பக்கத்துல உக்காந்திருக்கும்போது "பிளேட் எவ்வளவு?"ன்னு கேக்கிறது கௌரவக் குறைச்சலாம்! இந்தக் கடைகள் பிழைக்கிறதே இந்த வெக்கத்துலதான். விருந்தாளியக் கூட்டிட்டு வர்றவன் விலை கேக்க மாட்டான், விருந்தாளியும் கேக்க மாட்டான். ரெண்டு பேரும் கேக்க மாட்டாங்கன்னு அந்தத் தம்பிக்கு நல்லாத் தெரியும்.

பரோட்டா வந்துது, சால்னா வந்துது. அடுத்த நிமிசம் அவன் ஒரு தட்டோட வந்து ஆளுக்கு ஒரு வறுத்த காடையை இலையில வெச்சுட்டே போறான். "சீசன் ஸ்பெஷல் சார், சாப்பிட்டுப் பாருங்க." மாப்பிள்ளை, கடைக்காரங்க மரியாதைக்கு வைக்காங்கன்னு நினைச்சுட்டார். நாலு வயசுப் பிள்ளை இலையிலயும் ஒரு முழுக் காடை! எங்க மாமியார் கவுச்சி சாப்பிடுறதை விட்டு ரொம்ப வருஷமாச்சு. அவங்க இலையை மட்டும் கையால மறைச்சுக்கிட்டாங்க. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பில்லுல வரும்.

நாட்டுக்கோழி நாலு பிளேட் சொன்னோம். சொன்ன பத்து நிமிசத்துல மேசைக்கு வந்துது. முன்னாடியே வேக வெச்சிருப்பாங்கன்னு வெச்சுக்குவோம், அதுல தப்பில்ல. நாத்தனார்தான் ஒரு வாய் வெச்சதும், "மயினி, இது நாட்டுக்கோழியா? எலும்பு பிஸ்கட் மாதிரி நொறுங்குது"ன்னா. உண்மையான நாட்டுக்கோழி எலும்பு அவ்வளவு லேசுல உடையாது, கறி நார் நாரா வரும், தோல் மெல்லிசா இருக்கும், சாறுல கோழி வாசம் தூக்கலா இருக்கும். பிராய்லர்ல எதுவும் கிடையாது, மசாலா வாசம் மட்டும்தான். இன்னொரு தந்திரமும் உண்டு. முட்டை போட்டு ஓய்ஞ்ச பண்ணைக் கோழியை நாட்டுக்கோழின்னு போடுவாங்க. அது சவ்வு மாதிரி இழுக்கும், அதனால 'கெட்டியா இருக்கே, நாட்டுக்கோழிதான்'னு நாம நம்பிருவோம். கெட்டியா இருக்கிறது மட்டும் அடையாளம் இல்ல.

சில கடைகள்ல காதோரமா வந்து "காட்டுக் காடை இருக்கு, கௌதாரி இருக்கு"ன்னு சொல்லுவாங்க. கிட்டத்தட்ட எப்பவும் அது பொய்தான், தட்டுல வர்றது பண்ணையில வளர்க்கிற ஜப்பானியக் காடை. நெசமாவே காட்டுப் பறவையா இருந்தா இன்னும் மோசம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல உக்காந்து அந்த வேலை நமக்கு வேண்டாம்.

இனி பில். முதல்ல வந்தது ஒரு வெள்ளைத் துண்டுச்சீட்டு: சாப்பாடு 3,670, டாக்ஸ் 184, சர்வீஸ் 367, மொத்தம் 4,221. கடைப் பேர் கிடையாது, பில் நம்பர் கிடையாது. இவர் பர்ஸை எடுத்துட்டார். நான் சீட்டை வாங்கிட்டு கல்லாவுக்குப் போனேன். "ஏளா, விடு, மாப்பிள்ள நிக்கார்"னு பின்னாலயே வந்தார். நிக்கட்டும்.

அயிட்டம் வாரியா எழுதச் சொன்னேன். எழுதினாங்க. பரோட்டா 34, ஒண்ணு 20 வீதம் 680. நாட்டுக்கோழி நாலு பிளேட், 350 வீதம் 1,400. காடை ஏழு, 190 வீதம் 1,330. ஆம்லெட் நாலுக்கு நூறு. தண்ணி பாட்டில் நாலு, நாப்பது வீதம் 160. அந்த பாட்டில்களும் நாங்க கேட்டது இல்ல, உக்காரும்போதே மூடி திறந்து மேசையில இருந்துது.

காடை ஏழு இல்ல, ஆறுதான் வெச்சீங்கன்னு சொன்னேன். மாமியார் இலை இன்னும் மடக்கி அப்படியே கிடந்துது, போய்ப் பாக்கச் சொன்னேன். பரோட்டாவுக்கு, சப்ளையர் தம்பி சட்டைப்பையில வெச்சிருந்த சீட்டைக் கேட்டு வாங்கினேன். அதுல கோடு கிழிச்சிருந்தது மொத்தம் 27. ஏழு பரோட்டா காத்துல வந்திருக்கு. பரோட்டாவை யார் எண்ணிட்டு சாப்பிடுதா? "டாக்ஸ் போட்டிருக்கீங்களே, ஜி.எஸ்.டி நம்பர் எங்க?"ன்னேன். "அது ஆடிட்டர்கிட்ட இருக்குக்கா." எனக்குச் சிரிப்பு வந்துட்டுது. அப்புறம் குரல் கொஞ்சம் ஏறுச்சு, நாலு மேசை திரும்பிப் பாத்துது. டாக்ஸ், சர்வீஸ், ஏழு பரோட்டா, ஒரு காடை எல்லாம் கழிச்சு 3,340 வாங்கினாங்க. 881 ரூபாய் குறைஞ்சுது. மத்த காடைக்கு, "சாப்பிட்டுட்டீங்களேக்கா"ன்னுட்டாங்க. கோழிக்கு ஒண்ணும் செய்ய முடியல, எலும்பு மட்டும்தான மிச்சம்.

இப்ப சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க, கல்லாவுல நிக்கும்போது உதவும்.

சாதாரண ஹோட்டல் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி 5 சதவீதம், பில்லுல மத்திய வரி 2.5, மாநில வரி 2.5ன்னு பிரிச்சுப் போட்டிருக்கணும். வரி வாங்குற கடை பில்லுல 15 இலக்க எண் இருக்கணும், தமிழ்நாட்டுக் கடைன்னா அது 33ல ஆரம்பிக்கும். சின்னக் கடைகள் பல காம்போசிஷன் திட்டத்துல இருக்கும். அவங்க தங்கள் கையில இருந்துதான் வரி கட்டணும், நம்மகிட்ட தனியா வசூலிக்கக் கூடாது. காம்போசிஷன் திட்டத்துல இருக்கோம்னு கடையில போர்டும் வெச்சிருக்கணும். எண் கிடைச்சா ஜி.எஸ்.டி இணையதளத்துல யார் வேணும்னாலும் போட்டுப் பாக்கலாம், லாகின் தேவையில்ல. கடைப் பேரும் எந்த வகைப் பதிவுன்னும் காட்டும். எண்ணே இல்லாம 'டாக்ஸ்'னு போட்டா அது அரசாங்கத்துக்குப் போறதில்ல.

சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் கிடையாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில போட்ட வழிகாட்டுதல்படி கடைக்காரங்க அதைத் தானா பில்லுல சேர்க்கக் கூடாது. ஹோட்டல் சங்கங்கள் கேஸ் போட்டாங்க, 2025 மார்ச்சுல டெல்லி உயர்நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும்னு சொல்லிருச்சு. பில் கேட்டும் குடுக்காம இருக்கிறது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல முறையற்ற வணிகம்னு வருது.

தண்ணி பாட்டில்ல மட்டும் அவசரப்பட்டுச் சண்டை போடாதீங்க. உக்கார வெச்சுப் பரிமாறுற ஹோட்டல் எம்.ஆர்.பி.க்கு மேல வாங்கினா எடையளவுச் சட்டத்துல குற்றம் ஆகாதுன்னு உச்ச நீதிமன்றம் 2017லயே தீர்ப்பு சொல்லியிருக்கு. அதனால அங்க வாதாடுறதை விட, மூடி திறக்கறதுக்கு முன்னாடி "இது வேண்டாம், ஜக்குல தண்ணி கொண்டா"ன்னு சொல்லிடுறது லேசு. சாதாரணத் தண்ணி குடுக்க மாட்டேன்னு சொல்ற கடையில நான் உக்கார மாட்டேன்.

'கூட்டம் இருக்கிற கடைக்குப் போ'ன்னு பெரியவங்க சொல்லுவாங்க. திருநெல்வேலிக்குள்ள, பாளையங்கோட்டையிலயோ வண்ணார்பேட்டையிலயோ அது சரி. அங்க சாப்பிடுறது ஆபீஸ்காரங்க, காலேஜ் பிள்ளைக, தினமும் வர்றவங்க. ஒரு நாள் சால்னா நீத்துப்போனா மறுநாள் பாதி மேசை காலி. குற்றாலப் பாதையில சீசன் கூட்டம்ங்கிறது வேற. அத்தனை பேரும் வெளியூர், ஒருத்தர் முகத்தை அந்தக் கடை மறுபடி பாக்கப் போறதில்ல. அங்க கூட்டம் எதுக்கும் சாட்சி இல்ல. போன்ல நட்சத்திரம் பாக்கிறதா இருந்தா, மொத்த மதிப்பெண்ணை விட்டுட்டு ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் எழுதின ஒரு ஸ்டார் கருத்துகளைப் படிங்க. பங்குனியில போட்ட அஞ்சு ஸ்டார் உள்ளூர்க்காரர் போட்டதா இருக்கும், அவருக்குக் கிடைச்ச சாப்பாடு நமக்குக் கிடைக்காது.

வேன் எடுக்கிறவங்க, எங்க சாப்பிடப் போறோம்னு கிளம்பும்போதே டிரைவர்கிட்ட சொல்லிடுங்க. அவரையும் நம்ம மேசையிலயே உக்கார வைங்க. அந்தச் செலவு, பின்பக்கத் தட்டுக்கு நாம குடுக்கிறதை விடக் குறைவுதான்.

விலை கேக்கக் கூச்சமா இருந்தா ஒரு வழி சொல்றேன். மத்தவங்க கை கழுவப் போகும்போது நீங்க மட்டும் கல்லாவுல போய்க் கேட்டு வந்துருங்க. நாட்டுக்கோழி பிளேட்டுல எத்தனை துண்டு, காடை முழுசா பாதியா, மீன் துண்டுக்கு விலையா எடைக்கு விலையா. 'சைஸைப் பொறுத்து'ன்னா சமைக்கறதுக்கு முன்னாடி மீனைக் காட்டி விலை சொல்லச் சொல்லுங்க. கறி ஒரே ஒரு பிளேட் முதல்ல வாங்கி, அளவைப் பாத்துட்டு அடுத்தது சொல்லுங்க. நம்ம பக்கத்துல பரோட்டாவுக்குச் சால்னா காசில்லாமதான் ஊத்துவாங்க, அதைத் தனிக் கிண்ணத்துல வெச்சு 'கிரேவி'ன்னு ஆரம்பிச்சா உஷாராயிடுங்க. சொல்லாதது எது வந்தாலும், "இது நாங்க சொல்லலியே, காசு உண்டா?"ன்னு கை வைக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. காசு இல்லன்னு சொன்னா சந்தோஷமா சாப்பிடுங்க.

காசு குடுக்கும்போது யு.பி.ஐ.ல குடுங்க. எங்களுக்கு க்யூ.ஆர் கோடுல வந்தது கடைப் பேர் இல்ல, யாரோ தனி ஆள் பேர். பரவாயில்ல, தேதியும் நேரமும் தொகையும் பதிவாயிருச்சு. துண்டுச்சீட்டையும் படம் எடுத்து வெச்சிருந்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழ்லயே பேசலாம். புகார் எண் தருவாங்க, கடைக்காரங்ககிட்டப் பேசி முடிச்சு வைக்கப் பாப்பாங்க, ஆனா தண்டிக்கிற அதிகாரம் அவங்களுக்குக் கிடையாது. அது வேணும்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். அஞ்சு லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்ல. சாப்பாடு கெட்டுப்போயிருந்தா மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போங்க, அப்ப பில்லுல இருக்கிற 14 இலக்க உணவு உரிம எண் கைகுடுக்கும்.

நான் 1915ல சொல்லிட்டேன். மாப்பிள்ளை ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் எங்க வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினாராம். "அந்த 881 ரூபாய்க்கு அடுத்த தடவை அக்காவை சொதி வெக்கச் சொல்லுங்க மச்சான்"ன்னாராம். இஞ்சிப் பச்சடியும் சேர்த்துத்தான்.