டிவி ட்யூனர் கார்டு: ஆறு ஆண்டுகள் கழித்து

சென்ற வாரம் அலுவலக நண்பர் கேட்டார்: "சார், கணினியில் டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்கிறீர்களே, அந்தக் கார்டை நானும் வாங்கலாமா?" வேறொரு நாளாக இருந்தால் உடனே வாங்கச் சொல்லியிருப்பேன். முந்தைய இரவுதான் ஒரு கச்சேரிப் பதிவில் தனி ஆவர்த்தனத்தை மழை கொண்டுபோயிருந்தது. பிறகு சொல்கிறேன் என்று நகர்ந்துவிட்டேன்.

இந்தக் கார்டை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை, வயிற்றெரிச்சலில் வாங்கினேன். அப்போது வீட்டில் இருந்த செட்டாப் பாக்ஸின் பின்பக்கம் ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் நிகழ்ச்சிகள் பதிவாகும். இரண்டு ஆண்டுகள் சேர்த்தோம். பெட்டி பழுதானது. வந்தவர் புதிய பெட்டியை மாட்டிவிட்டுப் போனார். அதே டிஸ்க்கைச் செருகினால் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கிறது. பதிவுகள் எல்லாம் பழைய பெட்டிக்கு உள்ளேயிருந்த சாவியால் பூட்டப்பட்டவை. பெட்டி போனால் சாவியும் போயிற்று. டிஸ்க் என்னுடையது, மாதச் சந்தா நான் கட்டியது, பதிவு மட்டும் என்னுடையது இல்லையாம். என் மகளின் நடன ஆசிரியை தொலைக்காட்சியில் ஆடிய அரை மணி நேரம் அதில்தான் இருந்தது. இன்று நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

அடுத்து, எச்.டி.எம்.ஐ. கேபிளைப் பிடித்துக் கணினிக்குக் கொடுக்கும் சிறு கருவியை வாங்கிப் பார்த்தேன். கறுப்புத் திரைதான் வந்தது. பெட்டியிலிருந்து வெளியேறும் எச்.டி. படத்துக்கும் எச்.டி.சி.பி. என்ற பூட்டு உண்டு என்பது பணம் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. பழைய டிவிகளுக்குப் படம் கொடுக்கும் மஞ்சள் பின் வழியாக எடுத்தால் படம் வரும், ஆனால் கண்ணாடியில் ஆவி படிந்தது போல இருக்கும்.

கடைசியில் சென்னையின் மின்னணுக் கடைவீதியான ரிச்சி தெருவில், செயற்கைக்கோள் டிவி அலையை வாங்கும் டி.வி.பி.-எஸ்2 வகை ட்யூனர் கார்டு ஒன்று கிடைத்தது. மொட்டை மாடியில் ஒரு டிஷ் வைத்து, பூட்டில்லாமல் வரும் இலவச அலைவரிசைகளை நேராகக் கணினிக்குள் இறக்குவதுதான் வேலை. தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் வருகிற ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் தென்கிழக்குத் திசையில், தரையிலிருந்து சுமார் 68 டிகிரி உயரத்தில். அவ்வளவு உயரத்தில் இருப்பதால் பக்கத்தில் நாலு மாடி எழும்பினாலும் எளிதில் மறைக்காது. நெருக்கமான தெருவில் குடியிருப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

பதிவின் தரத்துக்கு வருகிறேன். கார்டு படத்தைத் தொடுவதே இல்லை. வானத்திலிருந்து வந்த எண்களை அப்படியே கோப்பில் எழுதிவைக்கிறது. மறுபடி சுருக்குவது கிடையாது, அதனால் ஒளிபரப்பில் இருந்த தரம் துளியும் குறையாது. விநாடிக்கு 4 மெகாபிட் என்றால் மணிக்கு 1.8 ஜி.பி. ஆகும், இன்றைய டிஸ்க்குக்கு அது ஒரு பாரமே இல்லை.

ஆனால் முதல் பதிவைப் பார்த்த மகள், "அப்பா, விரலெல்லாம் சீப்பு மாதிரி இருக்கிறது" என்றாள். நிறுத்திப் பார்த்தேன். மலர்ந்த தாமரையைக் காட்டும் அலபத்ம முத்திரையில் விரிந்த ஐந்து விரல்களின் ஓரமும் பல் பல்லாகப் பிரிந்து, பத்து விரல்கள் போலத் தெரிந்தன. நம் ஒளிபரப்பில் ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு முறையும் இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த முறையுமாக, விநாடிக்கு 50 அரைப் படங்கள் வருகின்றன. கணினித் திரை இரண்டையும் ஒன்றாகக் காட்டும்போது, இடையில் நகர்ந்துவிட்ட கை இரண்டு இடத்தில் தெரிகிறது. வீடியோ ஓட்டும் விஎல்சி மென்பொருளில் யாடிஃப் 2எக்ஸ் என்ற தேர்வைப் போட்டேன். அந்த 50 அரைப் படங்களும் 50 முழுப் படங்களாக விரிந்தன. பல் மறைந்தது. கட்டை விரல் மடங்கி, சுண்டு விரல் கடைசியாகத் திறப்பதுவரை தெரிந்தது. மகள் அதை மெதுவாக ஓடவிட்டு, திரைக்கு முன்னால் நின்று தன் கையைத் திருத்திக்கொண்டாள். இந்தக் கார்டு எனக்குக் கொடுத்த மிகப் பெரிய சந்தோஷம் அதுதான்.

இப்போது மழை. செயற்கைக்கோளிலிருந்து வரும் கேயு பேண்ட் அலைகளைக் கனமழை உறிஞ்சிவிடும். பழைய ஆன்டெனா காலத்தில் படம் புள்ளி புள்ளியாக இரைந்தாலும் குரல் கேட்டுக்கொண்டிருக்கும். டிஜிட்டலில் அந்தத் தயவு இல்லை; ஒரு எல்லைவரை தெளிவாக வரும், எல்லை தாண்டினால் படம் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு ஒன்றுமே இராது. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷை எடுத்துவிட்டு 90 வைத்தேன். பரப்பு இரண்டே கால் மடங்கு. சாதாரண மழை இப்போது ஒன்றும் செய்வதில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். கொட்டுகிற மழைக்கு அதுவும் போதவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் டிஷ்ஷையே திருப்பிவிட்டது.

என் கோபம் மழை மேல் மட்டுமல்ல, அது வருகிற நேரத்தின் மேலும்தான். சென்னைக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆண்டு முழுவதும் பதிவு செய்ய நான் காத்திருக்கும் கச்சேரிகளும் நடனங்களும் வரிசையாக வருவது டிசம்பரில். பதிவுகளைக் கவனித்துக்கொள்ளும் டிவிஹெட்எண்ட் மென்பொருள் ஒவ்வொரு பதிவுக்கும் எத்தனை பிழை என்று எண்ணி வைக்கும். காலையில் எழுந்ததும் காபிக்கு முன்னால் அந்த எண்ணைத்தான் பார்க்கிறேன். பூஜ்யம் என்றால் அன்று முழுவதும் மனம் லேசாக இருக்கும். போன வாரம் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, கோர்வைக்குச் சேர்ந்து வருகிற இடத்தில் படம் உறைந்தது. திரும்பி வந்தபோது சபையில் கைதட்டல். மறு ஒளிபரப்பு வருமா, எப்போது வரும், யாரைக் கேட்பது?

ஆறு ஆண்டுகளில் கார்டு ஒரு முறைகூடப் பழுதாகவில்லை. இடையில் கணினியையே மாற்றினேன். கோப்புகள் எல்லாம் புதியதில் முதல் சொடுக்கிலேயே திறந்தன. எல்லாம் உண்மை. இருந்தாலும், நண்பரே, வாங்காதீர்கள். கைதட்டலை மட்டும் பதிவு செய்து வைத்திருப்பவனிடம் இந்த வாரம் வேறு பதில் இல்லை.

உங்களுக்கு ஏதாவது நிகழ்ச்சி வேண்டுமென்றால் சொல்லுங்கள், நேரம் குறித்து வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவோடு வீட்டுக்கு வாருங்கள். என் கோப்பு உங்கள் கணினியிலும் திறக்கும்.