சக் பார்ப்பதா, பர்ன் நோட்டீஸ் பார்ப்பதா?

இரண்டுமே 2007இல் தொடங்கிய அமெரிக்கத் தொடர்கள். இரண்டிலும் துப்பாக்கியும் உண்டு, சிரிப்பும் உண்டு.

‘சக்’கில் கணினி பழுதுபார்க்கும் சக் என்ற இளைஞன் ஒரு மின்னஞ்சலைத் திறக்கிறான், அரசு ரகசியங்கள் மொத்தமும் அவன் மூளைக்குள் ஏறிவிடுகின்றன. நம்ப முடியாத கதைதான். ஆனாலும் சக்குக்கும் அவனைப் பாதுகாக்க வந்த உளவாளி சாராவுக்கும் இடையிலான காதலுக்காகவே ரசிகர்கள் உயிரை விட்டார்கள். 2009இல் தொடர் நின்றுவிடுமோ என்ற நிலை வந்தபோது, விளம்பரதாரரான சப்வே கடைகளுக்குக் கூட்டமாகப் போய் சாண்ட்விச் வாங்கி ஆதரவைக் காட்டினார்கள். (முடிவு தெரிய வேண்டாமென்றால் அடுத்த இரண்டு வரியைத் தாண்டிவிடுங்கள்.) கடைசி எபிசோடுகளில் சாராவின் நினைவுகள் அழிந்துபோனதை மன்னிக்காதவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அந்தக் கடற்கரைக் காட்சி ரொம்பப் பிடிக்கும். துணிச்சலான முடிவு அது.

‘பர்ன் நோட்டீஸ்’ வேறு ரகம். வேலையிலிருந்து துரத்தப்பட்ட உளவாளி மைக்கேல் வெஸ்டன் மயாமியில் மாட்டிக்கொள்கிறார். சாதாரண செல்பேசியை ஒட்டுக்கேட்கும் கருவியாக்குவது எப்படி என்றெல்லாம் அவர் குரலே பின்னணியில் விளக்கும். அதற்காகவே பார்த்தவர்கள் ஏராளம். கடைசி சீசனில் கலகலப்பு குறைந்துவிட்டது என்ற குறை நியாயமானதுதான்.

சரி, எதில் தொடங்கலாம்? அவ்வப்போது ஒரு எபிசோட் போதும் என்பவர்களுக்கு பர்ன் நோட்டீஸ். பெரும்பாலும் அன்றைய வழக்கு அன்றே முடிந்துவிடும். பாத்திரங்களோடு ஒட்டிக்கொள்கிறவர் என்றால், யோசிக்காமல் சக்.