கோயம்பேடு சுத்திகரிப்பு நிலையம்: கூவத்துக்கு எந்த அளவு உதவுகிறது?

சென்னைக் குடிநீர் வாரியத்தின் கோயம்பேடு நிலையத்தை எடைபோட இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். உள்ளே வரும் சாக்கடையைச் சுத்தம் செய்யச் சரியான அமைப்பு இருக்கிறதா? இருக்கிறது. அதனால் கூவம் பிழைத்துவிடுமா? அதற்கு இது மட்டும் போதாது.

நிலையத்தின் உயிர், கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் ஏரேஷன் டேங்க். கம்பிச் சல்லடையில் துணி, பிளாஸ்டிக், நாப்கினை நிறுத்தி, மணலையும் முதல்கட்டக் கசடையும் பிரித்த பிறகு நீர் இங்கே வருகிறது. நுண்ணுயிர்கள் கழிவைத் தின்ன, லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவாவது கரைந்த ஆக்சிஜன் வேண்டும். ஒரு நிலையத்தின் மின்கட்டணத்தில் பாதிக்கு மேல் இந்தக் காற்றுக்கே போய்விடும். கோயம்பேட்டின் 60 எம்.எல்.டி (ஒரு எம்.எல்.டி என்றால் நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர்) பிரிவில் கசடைச் செரிக்கவைத்து, கிடைக்கும் மீத்தேனில் எஞ்சின் ஓட்டி மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு உண்டு. இது நல்ல ஏற்பாடு. ஆனால் வாயுவில் உள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடை முதலில் நீக்காவிட்டால் எஞ்சினின் உட்பாகங்களை அது அரித்துவிடும்.

இந்த முறையில் அதிகம் சறுக்கும் இடம், ஏரேஷன் டேங்குக்குப் பிறகு கசடைப் படியவைக்கும் இரண்டாம்கட்டக் கிளாரிஃபயர். அந்தச் சறுக்கலைக் கண்டுபிடிக்க ஒரு லிட்டர் அளவுக்குவளை போதும். ஏரேஷன் டேங்க் நீரை அதில் நிரப்பி 30 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். கசடு 300 மில்லி அளவில் படிந்து, டேங்கில் கசடு லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் இருந்தால் எஸ்.வி.ஐ (ஒரு கிராம் கசடு படிந்த பின் எத்தனை மில்லி இடம் பிடிக்கிறது என்ற அளவு) 100, ஆரோக்கியமான நிலை. அதே கசடு 600 மில்லியில் நின்றால் எஸ்.வி.ஐ 200. இழைபோன்ற பாக்டீரியா பெருகிக் கசடு உப்பியிருக்கிறது என்று பொருள். காற்றுக் குறைவு, குழாயிலேயே அழுகி வந்த சாக்கடை ஆகியவை வழக்கமான காரணங்கள். முதலில் காற்றைக் கூட்ட வேண்டும். அவசரத்துக்கு, கிளாரிஃபயரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் கசடில் அளவாகக் குளோரின் விடலாம். நன்றாகப் படிந்த கசடு சிறிது நேரம் கழித்துக் கட்டிகட்டியாக மேலே வந்தால் அது வேறு நோய்: அடியில் நைட்ரேட் சிதைந்து நைட்ரஜன் குமிழிகள் அதைத் தூக்குகின்றன. அப்போது கசடை கிளாரிஃபயரில் தங்கவிடாமல் வேகமாகத் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டில் எதைக் கவனிக்காமல் விட்டாலும் கசடு வெளிநீரோடு ஆற்றுக்குப் போய்விடும்.

எங்கள் கணக்கில் இந்த வளாகத்தின் சிறந்த பகுதி, 2019-இல் தொடங்கிய 45 எம்.எல்.டி மூன்றாம்கட்ட ஆர்.ஓ. ஆலை. நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். மணல் வடிகட்டி, அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் என்னும் நுண்சவ்வு வடிகட்டல், ஆர்.ஓ., ஓசோன் என்று கடந்து வரும் நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் போகிறது. ஏரிகள் வறண்டு நகரமே தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற அதே ஆண்டில் இது வந்தது. குடிநீரைத் தொழிற்சாலைக்குக் கொடுக்காமல் மிச்சப்படுத்துவது பெரிய உதவி. ஒரு குறையும் உண்டு. ஆர்.ஓ. பிரித்து வெளியேற்றும் மிச்சநீரில் உப்பு செறிந்திருக்கும். அதை எங்கே விடுகிறார்கள், எதனோடு கலக்கிறார்கள் என்பதை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

ஆற்றுக்கு வருவோம். பாதாளச் சாக்கடையில் சேராமல் மழைநீர் வடிகால் வழியாக நேரே கூவத்தில் விழும் கழிவுநீரை எந்த ஆலையும் தொடுவதில்லை. நேர்மாறாக, வடகிழக்குப் பருவமழையில் சாலை வெள்ளம் மேன்ஹோல் வழியாகச் சாக்கடைக்குள் இறங்குகிறது. வரத்து திடீரென்று பெருகினால் கிளாரிஃபயரில் படிய நேரமில்லாமல் நுண்ணுயிர்களே அடித்துச் செல்லப்படும். அவை மீண்டும் பெருகப் பல நாட்கள் ஆகும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் லிட்டருக்கு பிஓடி (கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) 10, மொத்த நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1 மில்லிகிராம் என்று வரம்பு சொன்னது. கரிமக் கழிவை மட்டும் மனதில் வைத்துக் கட்டிய பழைய தொட்டிகளால் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் அந்த அளவுக்கு இறக்க முடியாது. காற்றில்லாப் பகுதிகளைக் கூடுதலாகச் சேர்த்தாக வேண்டும். அடுத்த நிதி ஒதுக்கீட்டில் முதலில் வர வேண்டியவை வடிகாலில் கலக்கும் வீட்டு இணைப்புகளைச் சாக்கடைக்கு மாற்றுவதும் இந்தத் தொட்டி மாற்றமும்தான். ஆலையின் கொள்ளளவைக் கூட்டுவது அதன் பிறகு.