டே கேர் செலவு: 2441 கிரெடிட்டா, எஃப்எஸ்ஏவா? 2026 கணக்கு

அமெரிக்காவில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளையை டே கேரில் விட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு மத்திய வரியில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, படிவம் 2441 வழியாகக் கிடைக்கும் கிரெடிட், அதாவது கட்ட வேண்டிய வரியிலேயே கழியும் தொகை. மற்றது, சம்பளத்திலிருந்து வரிக்கு முன்பே பிடித்து வைக்கும் டிபென்டன்ட் கேர் எஃப்எஸ்ஏ, அதாவது நிறுவனம் வழியாக வைக்கும் பராமரிப்புச் செலவுக் கணக்கு. 2025 ஜூலையில் வந்த சட்டம் 2026 முதல் இரண்டையுமே மாற்றிவிட்டதால், போன வருடக் கணக்கை அப்படியே இந்த வருடத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது.

கிரெடிட்டுக்கு எடுத்துக்கொள்ளும் செலவு ஒரு பிள்ளைக்கு 3,000 டாலர், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 6,000. அந்த வரம்பு மாறவில்லை, சதவீதம்தான் கூடியிருக்கிறது. தம்பதியாகச் சேர்ந்து தாக்கல் செய்பவர்களின் ஏஜிஐ (சில கழிவுகளுக்குப் பிறகான மொத்த வருமானம்) 15,000 வரை 50%. பிறகு 2,000 டாலருக்கு ஒரு புள்ளி வீதம் இறங்கி, 43,000 தாண்டியதும் 35%இல் நிற்கும். 1,50,000 தாண்டினால் ஒவ்வொரு 4,000 டாலருக்கும், அதன் பகுதிக்கும், இன்னொரு புள்ளி குறையும். 2,06,000க்கு மேல் 20% மட்டுமே.

எஃப்எஸ்ஏவின் வரம்பு 5,000இலிருந்து 7,500 டாலராகியிருக்கிறது. இதில் வருமான வரியோடு 7.65% சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரியும் மிச்சம். ஆக 22% வரி அடுக்கில் இருப்பவருக்கு ஒரு டாலருக்கு 29.65 சென்ட், 12% அடுக்கில் 19.65 சென்ட்.

இரண்டையும் சேர்த்து வாங்கலாமே என்று நினைப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். எஃப்எஸ்ஏவில் போட்ட தொகை கிரெடிட்டின் 3,000 அல்லது 6,000 வரம்பிலிருந்து அப்படியே கழியும். 2025 வரை இரண்டு பிள்ளைகள் உள்ளவர் 5,000 போட்டாலும் கிரெடிட்டுக்கு 1,000 மிஞ்சியது. இப்போது 7,500 போட்டால் மிச்சம் பூஜ்யம்.

தம்பதி, வருமானத்தில் கழிக்கும் நிலையான தொகையான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன், டே கேர் செலவு 7,500க்கு மேல் என்று வைத்துப் போட்ட கணக்கு (டாலரில்):

| ஏஜிஐ | பிள்ளைகள் | கிரெடிட் மட்டும் | முழு எஃப்எஸ்ஏ |
|---|---|---|---|
| 80,000 | 1 | 1,050 | 1,474 |
| 80,000 | 2 | 2,100 | 1,474 |
| 1,48,000 | 1 | 1,050 | 2,224 |
| 1,48,000 | 2 | 2,100 | 2,224 |
| 2,20,000 | 2 | 1,200 | 2,224 |

ஒரே பிள்ளை என்றால் இந்த வருமானங்களில் முழு எஃப்எஸ்ஏதான். கவனம் தேவைப்படுவது நான்காவது வரிசை. அங்கே பாதிப் பாதி போடுவதுதான் நஷ்டம்: 5,000 எஃப்எஸ்ஏ 1,482 தரும், மீதி 1,000 டாலரில் கிரெடிட் 350, மொத்தம் 1,832தான். 6,000 போட்டால் இன்னும் கீழே, 1,779. முதல் 6,000 டாலரில் ஒவ்வொன்றுக்கும் 35 சென்ட்டை விட்டு 29.65 சென்ட்டை வாங்குகிறோம். கடைசி 1,500 டாலர்தான் அதை ஈடுகட்டுகிறது. எனவே நிறுவனம் வரம்பை 7,500க்கு உயர்த்தியிருக்கிறதா என்று முதலில் ஹெச்ஆரிடம் கேளுங்கள். உயர்த்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. பழைய 5,000 என்றால் இந்தக் குடும்பம் எஃப்எஸ்ஏவைத் தொடாமல் இருப்பதே நல்லது.

7,500 கிடைத்தாலும் வித்தியாசம் 124 டாலர்தான். எஃப்எஸ்ஏவில் செலவழிக்காத பணம் திரும்பி வராது. திட்டத்தில் இருந்தால் இரண்டரை மாதச் சலுகைக் காலம், அவ்வளவுதான். பிள்ளையைப் பாட்டி பார்த்துக்கொள்ளப் போகிறார், வேலை மாறலாம் என்ற நிலையில் அந்த 124க்காகப் பணத்தை முடக்க வேண்டாம். உங்கள் மாநிலமும் எஃப்எஸ்ஏவுக்கு வரிவிலக்குத் தந்தால் இடைவெளி கூடும், அப்போது யோசிக்கலாம். கிரெடிட்டுக்கும் ஒரு குறை உண்டு: கட்ட வேண்டிய வரிக்கு மேல் ரீஃபண்டாக வராது.

இரண்டு வழிக்கும் கணவன், மனைவி இருவருக்கும் சம்பாத்தியம் வேண்டும். ஹெச்-4 விசாவில் வேலை அனுமதி இல்லாமல் வீட்டில் இருக்கும் துணைக்கு முழுநேரப் படிப்போ, தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாத உடல்நிலையோ இல்லையென்றால் இரண்டுமே கிடையாது. முழுநேர மாணவராக இருந்தால் படிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பிள்ளைக்கு 250, இரண்டுக்கு 500 டாலர் வருமானம் இருப்பதாகக் கொள்வார்கள்.

கோடைக்கால டே கேம்ப் செலவில் சேரும், இரவு தங்கும் கேம்ப் சேராது. கிண்டர்கார்டன் கட்டணம் சேராது, பள்ளி விட்ட பிறகான காப்பகம் சேரும்.

நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பளப் படிவமான டபிள்யூ-2இன் 10ஆம் கட்டத்தில் எஃப்எஸ்ஏ தொகை இருந்தால் 2441இன் மூன்றாம் பகுதியை முதலில் நிரப்புங்கள். அதை விட்டுவிட்டால் அந்தப் பணம் சம்பளமாகக் கணக்கிடப்பட்டு வரி விழும். டே கேரின் வரி எண்ணை டபிள்யூ-10 படிவம் கொடுத்து ஜனவரியிலேயே வாங்கிவிடுங்கள்.