கலாவூன் வளாகம்: பத்து நிமிடம் போதாது

கெய்ரோவின் முயிஸ் தெருவை அரை நாளில் சுற்றிக் காட்டும் நடைச் சுற்றுலா ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்தேன். வழிகாட்டி இளைஞர் மரியாதையானவர், குடிக்கத் தண்ணீர்கூட வாங்கிக் கொடுத்தார். ஆனால் நான் எந்த இடத்துக்காக விமானம் ஏறினேனோ, அந்தக் கலாவூன் வளாகத்துக்கு அவர் ஒதுக்கியது பத்தே நிமிடம். அதில் இருந்த பழைய மருத்துவமனை எங்கே என்று கேட்டேன். "அங்கே பார்க்க ஒன்றும் இல்லையம்மா" என்று அடுத்த கட்டடத்துக்கு அழைத்துப் போய்விட்டார். முப்பது ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள் நான். மனம் கேட்கவில்லை. மறுநாள் காலை தனியாகத் திரும்பி வந்தேன்.

எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் கலாவூன் 1284-85இல் கட்டிய வளாகம் இது. மருத்துவமனை, மத்ரஸா என்ற மார்க்கக் கல்விக்கூடம், தனக்கான அடக்கத்தலம் மூன்றையும் ஏறக்குறைய பதின்மூன்று மாதங்களில் முடித்துவிட்டார்கள். அந்த வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. பொறுப்பேற்ற அமீர் (படைத்தலைவர்) சன்ஜர், தெருவில் போனவர்களைக்கூட இழுத்துவந்து கல் சுமக்க வைத்தார் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதியிருக்கிறார். இப்படி எழுந்த இடத்தில் தொழலாமா என்று அக்காலத்து மார்க்க அறிஞர்கள் சிலர் தயங்கினார்களாம். அழகைப் பார்த்து நிற்கும்போது அந்தக் கைகளையும் நினைத்துக்கொண்டேன்.

வாசலைத் தாண்டினால் உயரமான, நீண்ட நடைக்கூடம். இடப்பக்கம் மத்ரஸா, வலப்பக்கம் அடக்கத்தலம். மத்ரஸாவில் நான் அதிகம் நிற்கவில்லை. அடக்கத்தலத்துக்குள் நுழைந்ததும் கால் தானாகவே நின்றுவிட்டது. நான்கு கனத்த தூண்களும் நான்கு செந்நிறக் கருங்கல் தூண்களும் எண்கோணமாக நின்று குவிமாடத்தைத் தாங்குகின்றன. எருசலேமின் பாறைக் குவிமாடத்தை நினைவூட்டும் அமைப்பு. இப்போதுள்ள குவிமாடம் 1903இல் புதுப்பிக்கப்பட்டது. நடுவில் மரச் சட்டத் தடுப்புக்குள் கலாவூனும் அவர் மகன் அந்நாஸிர் முஹம்மதுவும் அடங்கியிருக்கிறார்கள். சுவரில் பளிங்கும் முத்துச்சிப்பியும் பதித்த சதுரங்கள் இருக்கின்றன. பூவேலை என்றுதான் முதலில் நினைத்தேன். அருகே போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, 'முஹம்மது' என்ற பெயரையே கட்டம் கட்டமாகத் திருப்பித் திருப்பி எழுதியிருக்கிறார்கள். தொழுகைத் திசையைக் காட்டும் சுவர் மாடமான மிஹ்ராபின் முன்னால் மட்டும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு நடைக்கூடத்தின் கோடிக்குப் போனேன். மருத்துவமனைக்குப் போகும் வழி அங்கேதான் இருந்தது. கலாவூன் அமீராக இருந்தபோது டமாஸ்கஸில் வயிற்றுவலியால் துடித்திருக்கிறார். முன்பு அந்நகரை ஆண்ட நூருத்தீன் கட்டிய மருத்துவமனையிலிருந்து வந்த மருந்துதான் அவரைக் காப்பாற்றியது. ஆட்சிக்கு வந்தால் இப்படி ஒன்று கட்டுவேன் என்று அப்போது நேர்ந்துகொண்டார். முன்பு எகிப்தை ஆண்ட ஃபாத்திமியரின் பழைய அரண்மனை ஒன்று இருந்த இடத்தில் நான்கு பெரிய மண்டபங்களோடு அது எழுந்தது. காய்ச்சல், கண்நோய், வயிற்றுப்போக்கு, அறுவை என்று தனித்தனிப் பிரிவுகள். ஆண்களுக்கு ஓரிடம், பெண்களுக்கு ஓரிடம். ஏழை, பணக்காரர் பேதம் கிடையாது.

வக்ஃப் (அறக்கொடை) ஆவணத்தில் எழுதிவைத்திருக்கும் விதிகள்தான் என்னை உலுக்கின. ஒவ்வொரு நோயாளிக்கும் உணவைத் தனிப் பாத்திரத்தில், மூடிக் கொடுக்க வேண்டும்; இன்னொருவர் அதில் பங்குபோடக் கூடாது. கோடையில் விசிறிக்கொள்ள ஓலை விசிறிகள் தர வேண்டும். வீட்டில் படுத்திருக்கும் ஏழைக்கும் மருந்து போய்ச் சேர வேண்டும். மூடிய பாத்திரத்துக்காக நான் எத்தனை வார்டுகளில் சண்டை போட்டிருக்கிறேன்! எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அதை எழுத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நுரையீரல் வழியாக ரத்தம் செல்லும் பாதையை விளக்கிய இப்னு நஃபீஸ், 1288இல் இறக்கும்போது தம் வீட்டையும் நூல்களையும் இந்த மருத்துவமனைக்கே எழுதிவைத்தார்.

பழைய கட்டடத்தில் சில பகுதிகளே மிஞ்சியிருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அதே இடத்தில் இன்றும் ஒரு கண் மருத்துவமனை நடக்கிறது. பார்க்க ஒன்றும் இல்லை என்று சொல்ல எப்படி மனம் வந்தது?

வளாகத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறேன், அந்தச் சுற்றுலாவுக்கு இரண்டு. அதிலும் ஒன்று அந்த இளைஞரின் பண்புக்காக. நீங்கள் போவதானால் காலையிலேயே போங்கள். முகப்பு கிழக்குப் பக்கம் பார்த்திருப்பதால் அந்நேரத்து வெயில் வண்ணக் கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும். தெருவின் மற்றச் சின்னங்கள் பலவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் கிடைக்கிறது. இந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.